படலையில் நின்ற வாம்பயர்

"இங்கிலீசுப் பேய்க்குப் பருத்தித்துறையிலை என்னடி வேலை? சனம் விழுந்து விழுந்து சிரிக்கப்போகுது, லவீனா!"

கமராவைத் தோளில் வைத்துக்கொண்டே சொன்னான் குகதாசன். நான் இயக்குநர். இது என் முதல் படம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் போடுகிறோம். சனம் ஒரு தடவையாவது அலற வேண்டும். சிரித்தால் ஊரில் தலை காட்ட முடியாது.

கதை இதுதான். வாம்பயர், இரத்தம் குடிக்கிற பேய்; ஆனால் அழகன். அவனும் ஒரு பெண்ணும் உயிருக்குயிராய்க் காதலிக்கிறார்கள். வீட்டார் யாராவது அழைத்தால்தான் அவன் உள்ளே வரலாம்; அது வாம்பயர்களின் விதி. வீட்டாரைக் காக்க அவள் அழைக்க மாட்டாள். அவன் வாசல் கதவான படலையோடு திரும்பிவிடுவான். படம் முடியும்.

அந்தக் கடைசிக் காட்சிக்கு அருமைநாயகி அன்ரியின் வீட்டைக் கேட்டு வாங்கினோம். பொழுது சாய்கிற நேரம். தன் அண்ணனின் கலியாணக் கோட்டில், வாம்பயராகச் சிவதர்ஷன் படலையில் நின்றான். அப்படியொரு ஸ்டைல்! விறாந்தையில் நிரோஜா உதடு நடுங்க, "நீங்கள் உள்ளை வரக்கூடாது" என்றாள். எனக்கே புல்லரித்தது. அவன் திரும்பினான்.

குசினிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஆர் பிள்ளை படலையிலை? உள்ளை வரச் சொல்லன். தேத்தண்ணி வைக்கிறன்."

சிவதர்ஷன் நின்றான். தன்னை மறந்து, கோரைப்பல் தெரியச் சிரித்து, படலைக் கொண்டியைத் தள்ளினான்.

"கட்! அன்ரி, அவன் வாம்பயர்!"

"ஆராயிருந்தால் என்ன? வீடு தேடி வந்த பிள்ளையை வெளியிலை நிக்க வைக்கிறதே?"

மறுபடி எடுத்தோம். இந்தமுறை அன்ரி தேத்தண்ணித் தட்டோடு கமராவுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. மறுநாள் அண்ணனின் கலியாணம்; கோட்டும் போய்விடும்.

"முடிஞ்சுது," என்றான் குகதாசன். "உன்ரை பேயை அன்ரி விருந்தாளியாக்கிப்போட்டா."

வீட்டுக்கு வந்து, முதலில் எடுத்ததைக் கணினியில் ஓட்டினேன். இயர்போனில் அந்த அன்பான குரல் வந்ததும் முதுகுத்தண்டு சில்லிட்டது. மகள் காதலையே விட்டுக்கொடுத்துக் காத்த வாசலை, தாய் தெரியாமல் திறந்துவிடுகிறாள்! அன்ரியின் குரலை வெட்டவில்லை. கொண்டி விழுகிற சத்தத்தோடு திரையை இருட்டாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. நிரோஜா மறுத்தபோது பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். வாம்பயர் திரும்பினான். "ஆர் பிள்ளை படலையிலை?" என்ற குரல் கேட்டதும், பின்வரிசையில் ஒருவர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"ஐயோ, கூப்பிடாதேங்கோ அக்கா!"

கொண்டி விழுந்தது. மண்டபமே அலறியது. வந்தவரைப் படலையில் நிற்க வைத்துப் பழகியவர் அங்கே ஒருவரும் இல்லையே! நான் சுவரோடு சாய்ந்து நின்று அந்த அலறலைக் கேட்டேன். என் படம். என் ஊர்ப் பேய்.

வெளியே குகதாசன் கண்டவர்களிடமெல்லாம், "கமரா நான்தான் பிடிச்சனான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அன்ரியோ, "குரல் என்ரை" என்றார்.

மறுநாள் மாலை அன்ரிக்கு நன்றி சொல்லப் போனோம். சிவதர்ஷன் முன்னால் போய்ப் படலையைத் தட்டினான்.

விறாந்தையிலிருந்து அன்ரி கையைக் காட்டி மறித்தார்.

"நில்லும் தம்பி. முதல்லை பல்லைக் காட்டும், பாப்பம்."