பஞ்சர் பறந்த கதை

பஞ்சர் என்ற நாய் முதன்முதலாகப் பறந்தது ஒரு புதன்கிழமை காலை எட்டேகாலுக்கு. அன்று பலமான காற்று எதுவும் வீசவில்லை. லாரி இடித்து அதன் பின்னங்கால் இரண்டும் செயலிழந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்ற டாக்டரை முறைத்துவிட்டு அதைத் தூக்கிவந்து, குழந்தைகள் சைக்கிளின் சக்கரங்களை இடுப்பில் மாட்டி ஓடவிட்டவர் சைக்கிள் கடைக்காரர். யார் எதை உருட்டிக்கொண்டு வந்தாலும் டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, "காத்து கம்மியா இருக்கே" என்று பம்பை எடுக்கிற கை அவருடையது. பஞ்சருக்கும் தினமும் அடித்தார். ஒரு வருடம் அடித்த காற்று எங்கேயாவது போகத்தானே வேண்டும்? நாய் கடைப் பலகை உயரத்துக்கு எழும்பி, அங்கிருந்து எல்லோரையும் பார்த்துக் குரைத்தது. டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டபோதும் இறங்குவதாக இல்லை.

"நானா நாயான்னு முடிவு பண்ணிக்குங்க" என்று முதல் வாரமே பெட்டி கட்டிய அவர் மனைவிதான் இப்போது அதன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்தாள். பஞ்சருக்குத் தானாகச் சிறுநீர் போகாது. மூன்று வேளையும் அடிவயிற்றை இதமாக அமுக்கிவிட வேண்டும், தப்பினால் உயிருக்கே ஆபத்து. கடைக்காரர் அமுக்கினால் டயரை அமுக்குவது போல இருக்கும் என்பதால் அந்த வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. நடுவில் லேசாகச் சொட்டும். அந்தத் தெருவில் வெயிலும் மழையும் இல்லாத நேரத்திலும் குடை பிடித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கயிறு அறுந்தது. பஞ்சர் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் புள்ளியாகி மறைந்தது. கடைக்காரர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"போயிட்டான். விட்டுடு."

மனைவி ஒரு மணி வேளைக்காகக் கையைக் கழுவி, வழக்கம்போலச் செய்தித்தாளை விரித்து, ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அடியே, அவன் வானத்துல இருக்கான்."

"இருக்கட்டுமே. அங்க அமுக்கிவிட ஆள் இருக்கா?"

சொன்னாளே தவிர, அவள் கண் கடிகாரத்திலேயே இருந்தது. ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பஞ்சர், சக்கரங்கள் சும்மா சுழல, செய்தித்தாளின் மேலேயே இறங்கியது. காதில் ஏதோ பறவையின் இறகு ஒட்டியிருந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எங்கடா ஊர் சுத்தப் போன?" என்று திட்டிக்கொண்டே அடிவயிற்றில் கை வைத்தாள்.

அதன் பிறகு கயிறு கட்டவில்லை. ஒன்பது வருடம் ஒரு வேளையும் தவறவில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் மனைவி சொல்வாள்: "நாங்க எங்க நகர முடியுது? நாய்தான் ஊர் ஊராப் போயிட்டு வருது."