ஜெயினுலாப்தீனின் வலது கால்

மூன்றாவது மாடியில் யாராவது தமிழில் குரலை உயர்த்தினால் கோகிலவாணிக்குப் போன் வரும். செம்பூரில் இருந்த அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் அவளுடைய வேலைக்குப் பெயர் மெடிக்கல் சோஷியல் வொர்க்கர். செய்கிற வேலையோ வேறு. தாராவியிலிருந்தோ சுனாபட்டியிலிருந்தோ வந்த நோயாளி சாப்பாட்டை ஒதுக்கினால், ஊசிக்குக் கையை நீட்டாவிட்டால், சொந்தக்காரர் பத்துப் பேர் வார்டுக்குள் நுழைந்துவிட்டால், "தும்ஹாரா ஆத்மி ஹை, தும் தேக்கோ" என்று அவள் தலையில் கட்டிவிடுவார்கள். உன் ஆள், நீயே பார். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வாங்கிய முதுகலைப் பட்டத்துக்கு அங்கே இருந்த மரியாதை அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வந்த போனும் அந்த ரகம்தான். வார்டு சிஸ்டர் சுனந்தா இந்தியில் பொரிந்தாள். பதினாலாம் நம்பர் இன்றைக்கும் கையெழுத்துப் போடவில்லையாம், டாக்டர் கொதித்துப்போய் நிற்கிறாராம்.

பதினாலாம் நம்பர் படுக்கையில் இருந்தவர் ஜெயினுலாப்தீன். அறுபத்தொரு வயது. கடையநல்லூரிலிருந்து வந்து, தாராவியில் முப்பது வருடத்துக்கு மேலாகத் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர். மனைவி இல்லை. ஒரே மகன் ஷாகிர் ஷார்ஜாவில். சர்க்கரை வியாதிக்காரர், வலது காலில் வந்த ஒரு கொப்புளத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டு, பாதத்தின் முன்பாதி கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். திங்கட்கிழமை பார்த்த டாக்டர் வெங்கடேஷ், பாதத்தில் பாதியை எடுத்தால் போதும், குதிகால் தப்பிக்கும் என்று கோகிலவாணியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அன்றிலிருந்து மூன்று நாளாக மனிதர் சம்மதப் பாரத்தைத் தொடவே இல்லை.

டாக்டர் வெங்கடேஷ் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் பேசுவது தமிழ் என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வார்டுக்குள் இந்தி, மராத்தி, ஆங்கிலம். கோகிலவாணியிடம்கூட இரண்டு வருடத்தில் ஒரு தமிழ் வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் ஆங்கிலத்தில்தான் சொன்னார். சீழ் கணுக்காலைத் தாண்டிவிட்டது. இனி முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும். நாலு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருக்கிறது. நாளைக்கு என்றால் முழங்காலுக்கு மேலே. அதற்கு அடுத்த நாள் என்றால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. மறுக்கிறார் என்றால் மறுக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பு.

அவள் படுக்கைக்குப் போனாள். மூன்று நாளாகக் கெஞ்சியதோடு, இப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்பதையும் சொன்னாள்.

"மாமா, செயற்கைக் கால் போட்டுக்கிடலாம். முலுண்ட்ல ஒருத்தரு அதப் போட்டுக்கிட்டு டெய்லி லோக்கல் ட்ரெயின்ல வேலைக்குப் போறாரு."

"நல்லாப் போகட்டும்," என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

"ஷாகிர் அண்ணன் நேத்தும் போன் பண்ணாவ. அழுதாவ."

"அவனுக்கென்ன. கட்ட அவுத்துவிடச் சொல்லு, நான் வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுல யாரு இருக்கா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மோசமான கேள்வி என்று அவளுக்கே பட்டது.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த இசக்கிப்பாண்டி அவளைக் கண்ணைக் காட்டி வராண்டாவுக்குக் கூப்பிட்டார். பட்டறையில் ஜெயினுலாப்தீனுக்கு எதிர் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவர். வள்ளியூர்க்காரர். பாயைப் பார்க்க நாள் தவறாமல் வந்தது அவர் ஒருவர்தான்.

"ஏளா, நீ முருகம்மா மகதானே? படிச்ச புள்ள, படிச்ச புள்ளன்னு ஒங்கம்மா ஊரெல்லாம் சொல்லுதா. படிச்சு என்னத்தக் கிழிச்ச?"

"அண்ணாச்சி, இது ஆஸ்பத்திரி. மெதுவாப் பேசுங்க."

"மெதுவாத்தான் பேசுதேன். திங்கக்கிழம பாய் ஒன்ட்ட ஒண்ணு கேட்டாராம்லா. வெட்டுன கால என்ன செய்வியன்னு. நீ என்ன பதில் சொன்ன?"

கோகிலவாணிக்கு உடனே நினைவு வந்தது. அன்று வார்டில் தன் ஊர்ப் பேச்சைக் கேட்ட சந்தோஷத்தில் இருந்தாள். அவரும் வந்ததிலிருந்து கிண்டலும் கேலியுமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். சிஸ்டர் சுனந்தாவின் கொண்டையைப் பார்த்து, "இதுக்கு ரெண்டு ஜிப்பு வச்சா நல்ல ஹேண்ட்பேக்கு" என்றவர். அந்த வாக்கில்தான், வெட்டின காலை என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டதையும் எடுத்துக்கொண்டாள். "ஏன் மாமா, வீட்டுக்குக் கொண்டுபோய் சூப்பு வைக்கப் போறியளா?" என்றாள். பக்கத்துப் படுக்கையில் இருந்த நாங்குநேரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜெயினுலாப்தீனும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன், அண்ணாச்சி."

"அவரு வெளாட்டுக்குக் கேக்கல. அவுங்களுக்கு ஒடம்புல எது போனாலும் மண்ணுல வைக்கணும். கால எடுத்தாலும் அப்படித்தான். துணியில சுத்தி கபர்ஸ்தான்ல வைக்கணும். நீங்க மஞ்சப் பையில போட்டு எரிக்கதுக்குக் குடுத்துருவியளாம்லா? வார்டு கூட்டுத பொம்பள சொல்லியிருக்கா."

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்லா?"

"சூப்புன்னு சொன்னவட்ட எப்படிளா மறுபடி கேப்பாரு?"

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். கோபம் வந்தது. ஜெயினுலாப்தீன்மேல், அந்த நாங்குநேரிச் சிரிப்பின்மேல், நோயாளியின் நம்பிக்கைகளை மதிப்பது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுத்தவர்கள்மேல். வேறொருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்திருந்தால் கூப்பாடு போட்டிருப்பாள். வந்தது அவள் வாயிலிருந்து. மராத்திக்காரியோ மலையாளியோ அங்கே உட்கார்ந்திருந்தால், என்ன கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருப்பாள். ஊர்க்காரி என்பதால்தான் கோகிலவாணி கேட்கவில்லை. எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

திரும்பிப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, நான் சொன்னது தப்பு."

"என்னத்த சொன்ன? சூப்புதானே. நானும் சிரிச்சேன்லா."

"சிரிச்சிய. அப்புறம் மூணு நாளா வாயத் தெறக்கலயே."

அவர் சுவரிலிருந்து திரும்பிக் கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"எம் பொஞ்சாதி மெஹராஜ கொரோனாவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. எனக்கும் அதே சீக்கு, ரூமுல அடைச்சுப் போட்டுட்டாவ. அவள பிளாஸ்டிக்குல சுத்தி எவனெவனோ கொண்டு போனான். எந்தக் குழின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு பிடி மண்ணு நான் போடல. இப்ப எங்காலையும் பையில போட்டு எங்கயோ கொண்டு போவிய. போங்கம்மா. நான் முழுசாவே போறேன்."

"கால ஒங்க கபர்ஸ்தான்ல வச்சா கையெழுத்துப் போடுவியளா?"

"யாரு வைப்பா?"

"போடுவியளா, மாட்டியளா?"

"போடுதேன்."

டாக்டர் வெங்கடேஷின் அறைக்கு அவள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். வரும் வழியிலேயே ஓட்டமும் நடையுமாக ரெக்கார்டு ரூமுக்குப் போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டி, மொபைலில் எடுத்திருந்த படத்தை அவர் முன்னால் நீட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் ஒருவருடைய கை, உறவினர் எழுதிக் கொடுத்ததன் பேரில் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

"இதக் குடுக்கலாம்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா சார்?"

அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கழிவு விதிகள், தொற்று, பொறுப்பு. அவள் குறுக்கே புகுந்தாள்.

"மூணு நாளா வந்து நின்னு போடு போடுன்னியளே, ஏன் போடலன்னு ஒரு தடவ தமிழ்ல கேட்டியளா? ஒங்களுக்குத் தமிழ் தெரியாதா?"

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீ கேட்டியா?" என்றார். இரண்டு வருடத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் தமிழ் அதுதான்.

"இல்ல சார். கேட்கல. அவரு கேட்டாரு, நான் கேலி பண்ணிட்டேன்."

அவர் அதற்குமேல் அதைத் தோண்டவில்லை. "பாடியா இருந்தா வண்டி கொடுக்கலாம். இதுக்கு யார் வருவா? உறவுக்காரா ஒருத்தரும் இல்லையே. ஸ்டாஃப் யாராவது கையெழுத்துப் போட்டு எடுத்துண்டு போய், புதைச்சதுக்கு ரசீது கொண்டு வரணும். தினம் சாப்பாடு கொண்டு வர்ற அந்தப் பட்டறைக்காரர் தியேட்டர் வாசல்ல ரத்தத்துக்கும் மருந்துக்கும் நிக்கணும். நீ போறியா?"

"போறேன்."

கபர்ஸ்தான் கமிட்டியில் அப்துல் ஹாதி என்பவருக்குப் போன் போட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "கொண்டு வாங்கம்மா. ஆஸ்பத்திரி லெட்டர் மட்டும் வேணும். குளிப்பாட்டுறது, தொழுகை ஒண்ணும் இதுக்குக் கெடையாது. வெள்ளத் துணியில சுத்தியிருந்தா போதும்," என்றார். அவ்வளவுதான். இந்த இரண்டு நிமிடத்தைத் திங்கட்கிழமை செலவழித்திருக்கலாம்.

ஜெயினுலாப்தீன் ஒன்றரை மணிக்குக் கையெழுத்துப் போட்டார். நாலு மணிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஐந்தரைக்கு சிஸ்டர் சுனந்தா ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே பிளாஸ்டிக், அதன்மேல் வெள்ளைத் துணி. துணியை சிஸ்டரே சுற்றி, முனைகளை ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தாள். "சம்பால்," என்றாள். பார்த்துக் கொண்டு போ.

டாக்சியில் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் என்ன பார்சல் என்று கேட்டான். மருந்து என்றாள். சயன் பக்கம் வண்டி நகரவே இல்லை. முன்னாலும் பின்னாலும் ஹாரன்.

அவள் எதிர்பார்க்காதது கனம். ஒரு கால் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை. தொடை மரத்தது. பாதத்தில் பாதி என்றால் இந்தக் கனம் இருந்திருக்காது. திங்கட்கிழமையின் கனம் வேறு, வியாழக்கிழமையின் கனம் வேறு. நடுவில் கூடிய எடை அவளுடையது. அதை வேறு யார்மேலும் இறக்கிவைக்க முடியவில்லை. இறக்கிவைக்க ஆளும் இல்லை.

அப்துல் ஹாதி கபர்ஸ்தான் வாசலிலேயே நின்றார். லெட்டரைப் படித்து, ஒரு தடித்த நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதினார். கட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "வீட்டாளுங்க யாரும் வரலியாம்மா?"

"இல்ல."

"நீங்க இங்கேயே நில்லுங்க. பொம்பளைங்க உள்ள வர வழக்கமில்ல."

வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே, சுவரோரம், குழி வெட்டுகிற ஆள் மட்டும் குனிந்து நிமிர்வது தெரிந்தது. மண் விழும் சத்தம் ரோட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் ரசீது வந்துவிட்டது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கண்விழித்திருந்தார். போர்வை வலது பக்கம் பாதியில் தட்டையாகக் கிடந்தது.

"வச்சாச்சா?"

"வச்சாச்சு மாமா. மேற்குச் சுவரோரம். வேப்பமரம் ஒண்ணு நிக்கி."

"யாரு மண்ணு போட்டா?"

"குழி வெட்டுதவரு மட்டுந்தான்."

"ஒருத்தனா?"

"நான் வெளிய நின்னேன்."

அவர் தலையை ஆட்டினார். சொல்லாமல் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டர் சொல்ல மாட்டார், இசக்கிப்பாண்டிக்குத் தெரியாது.

"மாமா, திங்கக்கிழமையே கையெழுத்தாயிருந்தா பாதத்துல பாதிதான் போயிருக்கும். குதிகால் நின்னிருக்கும். ஊன்றி நடந்திருப்பிய. நீங்க கேட்டப்ப நான் ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா..."

பக்கத்துப் படுக்கைக்காரர் ரேடியோவைத் தணித்தார்.

"இத எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்லுத?"

"ஒங்க காலு. ஒங்களுக்குத் தெரியணும்லா."

"தெரிஞ்சிட்டு." கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "இப்ப போ. எனக்கு ஒன் மூஞ்சியப் பாக்க முடியல," என்றார். அவள் எழுந்து ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவைத்தபோது மறுபடியும் அவர் குரல் வந்தது. "அந்தச் சீட்ட இங்க வச்சிட்டுப் போ."

ரசீதின் அசலை அவர் தலையணைக்குக் கீழே வைத்தாள். டாக்டருக்கு நகல் போதும்.

சாயங்காலம் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். மொபைலை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அம்மாவிடம் சொன்னால் கபர்ஸ்தானுக்கா போனாய் என்று தலையில் அடித்துக்கொள்வாள். கல்லூரித் தோழிகளிடம் சொன்னால் பாவம் என்று ஓர் அழுமூஞ்சிப் படம் அனுப்புவார்கள். ஒரு மனிதரின் காலை மடியில் வைத்துக்கொண்டு சயன் வரை போனேன் என்று சொல்லக்கூடிய பெயர் அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. பஸ் வந்தது. கூட்டம் அப்பிக்கொண்டிருந்தது. ஏறி, கம்பியைப் பிடித்து நின்றாள்.