அறுபத்திரண்டு கிலோவுக்கு ஒரு சைக்கிள்

அந்தப் பேக்கரிக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கெல்லாம் அவர் 'கிராம்'. யாராவது உப்பைக் கண்ணளவில் அள்ளிப் போட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சட்டைப் பையில் சீப்பு வைத்திருக்கிற ஆண்கள் உண்டு. இவர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தராசு வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் மனைவிக்கு ஒரு சைக்கிள் கட்டப் புறப்பட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு நட்டும் எடை பார்க்கப்பட்டது. உட்காரும் சீட் எடை பார்க்கப்பட்டது. கைப்பிடியில் சுற்றும் நாடாவைக்கூட, சுற்றுவதற்கு முன்பு ஒரு தடவை, வால் நறுக்கிய பிறகு ஒரு தடவை, தராசில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

வேலை நடந்தது பேக்கரிக்குப் பின்சந்தில், மைத்துனனின் சைக்கிள் பட்டறையில். மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி; ஒட்டடைக்குச்சி போல இருப்பான், சக்கரம் கட்டுவதில் கெட்டிக்காரன். ஸ்போக் கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்தே எது தொய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

இத்தனை மெனக்கெடலுக்கும் காரணம் இருந்தது. கிராம் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புக்குப் போகிறவர். சாயங்காலம் ஏழு மணிக்கு விழுந்து தூங்குகிறவர். மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவள். அவள் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது இவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். வாரத்தில் ஆறு நாள் அவர்களுடைய குடும்பம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய துண்டுச் சீட்டுகளில்தான் நடந்தது. 'குழாய் ஒழுகுது.' 'பார்த்தேன்.' 'பார்த்தா போதுமா?' மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை இரண்டு பேரும் சைக்கிளில் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போவார்கள். ஆறு கிலோமீட்டர், பதினொரு வளைவு. மூன்று வருஷமாகப் போகிறார்கள். மூன்று வருஷமாக அவள் ஒன்பதாவது வளைவில் காலை ஊன்றிவிடுவாள். அந்த வளைவில் ஒரு நீலக் கதவு வீடு. அங்கே ஒரு பழுப்பு நாய். அவள் இறங்கிய உடனே சொல்லி வைத்தாற்போல் வந்து கையை நக்கும். அந்த நாய் வாரா வாரம் தனக்காகவே காத்திருக்கிறது என்பதுதான் அவளுக்குப் பெரிய அவமானம்.

இந்த மாத முதல் வாரம் அவள் சொல்லிவிட்டாள். "இந்த மாசக் கடைசி ஞாயிறு வரைக்கும் பார்க்கிறேன். அன்னிக்கும் அந்த நாய் என் கையை நக்கிச்சுன்னா, சைக்கிளை யாருக்காவது குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை நல்லா தூங்கப் போறேன். நீங்க தனியா போயிட்டு வாங்க."

சொன்னால் செய்கிறவள். ஞாயிறும் போய்விட்டால் பிறகு துண்டுச் சீட்டோடுதான் வாழ வேண்டும்.

"ஏழு கிலோவுக்குள்ள ஒரு சைக்கிள், மாப்ளே. இறகு மாதிரி இருக்கணும். உங்கக்கா பறக்கணும்" என்றார் மைத்துனனிடம்.

மைத்துனன் மேஜைமேல் இரண்டு பல்சக்கரக் கொத்துகளை எடுத்து வைத்தான். பின்சக்கரத்தின் நடுவில் சிறிதும் பெரிதுமாகப் பதினொரு பல்சக்கரங்கள் அடுக்காக உட்காருமே, அது. ஒன்றில் இருப்பதிலேயே பெரிய சக்கரத்துக்கு இருபத்தைந்து பல். இன்னொன்றில் முப்பத்து நாலு.

"பல்சக்கரம் பெரிசாகப் பெரிசாக, மேட்டுல கால் லேசா போகும், மாமா. முன்னாடி பெடல் சக்கரத்துலயும் முப்பத்து நாலு பல், பின்னாடியும் முப்பத்து நாலுன்னு வெச்சா, பெடல் ஒரு சுத்து, சக்கரம் ஒரு சுத்து. மெதுவா போகும், ஆனா போகும். மேடு ஏறும்போது அக்காவால பேச முடியணும். பேச முடிஞ்சா கியர் சரி. மூச்சு முட்டினா கியர் தப்பு. அவ்வளவுதான் கணக்கு."

கிராம் கேட்டுக்கொண்டா இருந்தார்? இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நூத்திப்பத்து கிராம் ஜாஸ்தி!" என்றார், வீட்டில் திருடனைக் கண்டவர் போல. "ரெண்டு பன்னு எடை, மாப்ளே! ரெண்டு பன்னைச் சுமந்துக்கிட்டு உங்கக்கா மேடு ஏறணுமா?"

இருபத்தைந்து பல்தான் ஜெயித்தது. அடுத்து சக்கரங்கள். முன்னால் இருபது, பின்னால் இருபத்து நாலு என்று ஸ்போக்குகள் குறைவாக உள்ள ஜோடி ஒன்று. கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. ஸ்போக்குகள் கூடுதலான ஜோடி இன்னொன்று. அது கால் கிலோ அதிகம். கிராமின் கை எதன் பக்கம் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, மாமா. ஓட்டறவங்க எடை என்ன?"

நீட்டிய கையை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கிராம் தன் வாழ்நாளில் எடை பார்க்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது மனைவிதான். கல்யாணமான முதல் வருஷ நிறைவுக்கு, மிகுந்த ஆசையோடு, அழகான காகிதத்தில் சுற்றி, அவளுக்கு ஓர் எடை பார்க்கும் மெஷினைப் பரிசாகக் கொடுத்தார். பதினொரு நாள் அவள் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷமாக அந்த விஷயத்தின் பக்கமே அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.

"நீ கேளேன், மாப்ளே. உன் அக்காதானே?"

"நானா? எனக்கு ரெண்டு குழந்தை இருக்கு, மாமா."

கிராம் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு, ஆயுசில் முதல் தடவையாக ஓர் எடையைக் கண்ணளவில் சொன்னார். "அறுபத்திரண்டு."

மைத்துனன் அவரை ஒரு பார்வை பார்த்தான். ஆனால் லேசான சக்கரங்களையே எடுத்துக் கொடுத்தான். அவனுக்கும் உயிர்மேல் ஆசை இருந்தது.

புதன்கிழமை சைக்கிள் தயாரானது. ஆறு கிலோ தொள்ளாயிரத்து இருபது கிராம். கிராம் அதை ஒற்றை விரலில் தொங்கவிட்டுச் சந்து முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். எதிர்த்த கடைக்காரர் ஒருவரைப் பிடித்து நிறுத்தி அவர் விரலிலும் தொங்கவிட்டார்.

மறுநாள் மத்தியானம், இரண்டு ஷிப்டுக்கு நடுவில், டிரைவர் சட்டையோடேயே மனைவி வந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியில் கிராமுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எனக்கா? எனக்கேவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஏறி உட்கார்ந்து சந்து முனை வரை ஓட்டினாள். முனையில் ஒரு வேகத்தடை, அதைத் தாண்டியதும் கிடங்குக்கு ஏறும் சின்ன மேடு. ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தவள் இறங்கி, காதைச் சாய்த்து, பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். சக்கரம் லேசாகக் கோணி, பிரேக் கட்டையில் 'சர், சர்' என்று உரசியது.

இருபது வருஷம் பஸ் ஓட்டின காது. அதை ஏமாற்ற முடியுமா?

"வண்டி லோடு தாங்கல" என்றாள். "கியரும் அப்படித்தான். அந்தச் சின்ன மேட்டுக்கே முட்டி கழண்டு போச்சு. ஏண்டா, இது யார் எடைக்குக் கட்டின சக்கரம்?"

தம்பிக்குத் திடீரென்று ஒரு நட்டைத் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்துக்கொண்டே சொன்னான்: "மாமா அறுபத்திரண்டுன்னு சொன்னாரு."

கிராம் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே. பதினொரு நாளா, இருபத்திரண்டு நாளா என்று அவர் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நின்று நின்று சிரித்தாள். தம்பியும் சிரித்தான். தனக்கும் சிரிக்க அனுமதி உண்டா என்று தெரியாமல் கிராம் பாதிச் சிரிப்போடு நின்றார். அப்போதுதான் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"பொய் சொன்னதுக்குக்கூட எனக்குக் கோபம் இல்லைங்க. அறுபத்திரண்டு கிலோவுல ஒரு பொம்பளைக்குப் பார்த்துப் பார்த்து சைக்கிள் செஞ்சிருக்கீங்க. யாருங்க அவ? எங்க இருக்கா? சொல்லுங்க, அவகிட்டயே குடுத்துடுவோம். நான் என் பழைய சைக்கிள்லயே அந்த நாய்கிட்டப் போய் நிக்கறேன்."

பதினைந்து நாளாக அவளுக்காகவே உழைத்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அத்தனை நாளில் ஒரு நிமிஷம்கூட அவளை நினைக்கவில்லை, தராசைத்தான் நினைத்தார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"தப்புதாம்மா" என்றார். "பயந்துட்டேன்."

"என்னைப் பார்த்தா?"

"உன்னைப் பார்த்துத்தான்."

அவள் பின்வாசல் வழியாகப் பேக்கரிக்குள் போனாள். ஆண்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். மாவு மூட்டை நிறுக்கும் பெரிய மேடைத் தராசு மூலையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"எழுபத்தொம்பது கிலோ நானூறு" என்று பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல் உரக்கப் படித்தாள். பன் வாங்க வந்து நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எழுதிக்கோடா தம்பி. என் பஸ்ல எத்தனை பேர் உக்காரலாம், எத்தனை பேர் நிக்கலாம்னு கதவுக்கு மேலயே எழுதிப் போட்டிருக்கு. பஸ்ஸு வெட்கப்படுதா?"

"அப்ப அந்த மெஷினு..." என்று இழுத்தார் கிராம்.

"அது பரிசுங்க. முதல் வருஷப் பரிசா அதையா குடுப்பாங்க? ஒரு புடவை குடுத்திருக்கலாம்ல?"

இருபத்தாறு வருஷக் குழப்பம் ஒரே வரியில் தீர்ந்தது.

திரும்பவும் பட்டறை. இந்தத் தடவை அவளே முன்னால் நின்றாள். முப்பத்து நாலு பல் கொத்தைக் கையில் வாங்கி, பெரிய பல்சக்கரத்தைக் கட்டை விரலால் வருடிப் பார்த்தாள். "இது. ஆளு நிறைய நிக்கறப்ப மேட்டுல மூணாவது கியரைப் போட்டு எவனாவது பஸ்ஸை ஏத்துவானா? முதல் கியர் எதுக்கு இருக்கு?" ஸ்போக்குகள் கூடுதலான சக்கரங்களைச் சுற்றிவிட்டு, விரலால் சுண்டி, தம்பியைப் போலவே காது கொடுத்துக் கேட்டாள். "இதுவும்." கொஞ்சம் தடித்த டயர். கொஞ்சம் நீண்ட செயின். ஒவ்வொன்றும் ஏறும்போது கிராம் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஏழு கிலோ முந்நூற்று எண்பது. நெருங்கிய சொந்தத்தை வழியனுப்புகிறவர் போல ஒரு பெருமூச்சு விட்டார்.

கழற்றிப் போட்ட இறகுச் சக்கரங்களும் இருபத்தைந்து பல் கொத்தும் மேஜைமேல் கிடந்தன. அவற்றை விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை.

"வீணாப் போக வேண்டாமே, மாப்ளே. என் சைக்கிள்ல மாட்டு."

"உங்க எடை, மாமா?"

"எனக்கென்ன, அறுபத்தெட்டு" என்றார் கிராம், யோசிக்காமல்.

கடைசி ஞாயிறு வந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். முதல் மூன்று வளைவுகளில் இரண்டு பேரும் பேசவில்லை. நாலாவதில் அவள் குழாயைப் பற்றி ஆரம்பித்தாள். ஒழுகுகிறது என்று எழுதி வைத்து எத்தனை நாள் ஆகிறது? ஐந்தாவதில் அவருடைய குறட்டை. ஆறாவதில் அவருடைய அக்கா, அக்கா போன வருஷம் சொன்ன ஒரு வார்த்தை. அவள் கால்கள் பொடிப்பொடிச் சுற்றாக, நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. திட்டும் நிற்கவில்லை, சைக்கிளும் நிற்கவில்லை.

பேச முடிகிறது! கிராமுக்குப் புல்லரித்தது. கல்யாணமான நாளிலிருந்து வாங்கிய திட்டிலெல்லாம் இதுபோல் இனித்த திட்டு வேறு கிடையாது. பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ஏழாவது வளைவில் அவர் எழுந்து நின்று மிதித்தார். எட்டாவதில் பின்சக்கரம் 'சர், சர்' என்றது. ஒன்பதாவதில், நீலக் கதவு வீட்டின் முன்னால், முழங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. அவர் காலை ஊன்றினார்.

பழுப்பு நாய் வெளியே வந்தது. வாசலைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்த அவளைக் கொஞ்ச நேரம் குழப்பத்தோடு பார்த்தது. பிறகு, யாராயிருந்தால் என்ன என்பதுபோல் கிராமிடம் வந்து கையை நக்கியது.

மேலே வளைவுக்கு அப்பாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "...அந்தத் துண்டுச் சீட்டுல ஒருநாளாவது 'சாப்பிட்டியா'ன்னு எழுதியிருப்பீங்களா? என்னங்க? கேக்குதா?"

கிராம் நாயின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மூச்சு வாங்கியதால் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சிவந்த முகம், வேர்வை, காது வரை சிரிப்பு. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அந்த அறுபத்திரண்டு கிலோக்காரி வந்தாளா?"

"நாய்கிட்டயே நின்னுட்டா" என்றார் கிராம், மூச்சுக்கு நடுவில்.

அவள் அவருடைய பின்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு உரசலைக் கேட்டாள். பிறகு அவரை, பன்னும் ரொட்டியுமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த அவருடைய தொந்தியை, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அறுபத்தெட்டுன்னு எப்பங்க பார்த்தீங்க?"

"கல்யாணத்தப்ப."

"அடுத்த ஞாயித்துக்குள்ள இதைச் சரி பண்ணியாகணும். நாளைக்கு மத்தியானம் நீங்க மாவுத் தராசுல ஏறுறீங்க."

அடுத்த ஞாயிறு! அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு மறுபேச்சு ஏது? எங்கே ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பார்.

"ஏறறேன்" என்றார். "கடைக் கதவைச் சாத்திட்டு."