இடது கையில் இரண்டு கடிகாரம்

அன்று நெட்டை, இரண்டு பேருடைய தெருவையும் ஒற்றை ஆளாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு கடிகாரம். ஒன்று அவளுடையது, மற்றது கூட வேலை பார்க்கும் சுருட்டையுடையது. நேரம் பார்க்கவா கொடுத்தார்கள்? கட்டியிருப்பவள் எந்தத் தெருவில் நிற்கிறாள், எத்தனை நிமிஷம் உட்கார்ந்தாள் என்பதெல்லாம் சூப்பர்வைசரின் போனில் புள்ளியாகத் தெரியும். கழற்றினால் சீட்டுக் கிழிந்துவிடும்.

சுருட்டை காதுக்குப் பின்னால் போட்ட தையலைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். புருஷன் இரும்புக் குழாயால் போட்ட போடு அது. அன்று கட்டின துணியோடு ஓடிவந்தவள்தான், ஊரின் மறுகோடியில் நெட்டையின் அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் கடிகாரத்தைக் கழற்றி நெட்டையிடம் நீட்டினாள். "ஒரு மணி நேரந்தான்க்கா. லீவு கேட்டா சூப்பர்வைசரு வள்ளுன்னு விழுவான்."

"கட்டி விடுடி. ரெண்டு கட்டினா ரெண்டு மடங்கு அழகுதானே."

தூசிக்கு மூக்கைச் சுற்றித் துணி, தலையில் தொப்பி, பச்சைக் கோட்டு. பின்னாலிருந்து பார்த்தால் பெருக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே அச்சு. பைக் ஒன்று வந்து நின்றபோது வழி கேட்கிறவன் என்றுதான் நெட்டை நினைத்தாள். முதல் அடி தோளில் விழுந்தது.

"ஓடி ஒளிஞ்சா விட்டுருவேனா? உங்க சூப்பர்வைசரே போன்ல காட்டினான்டி!"

துடைப்பத்தைத் தூக்கித் தடுத்தாள். குழாய் முழங்கைக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது. அடுத்தது தாடையில். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்பார்கள். சுருட்டையின் தலைக்கு வந்தது நெட்டையின் முகத்தோடு போனது. துணி விலகியதும் அவன் குனிந்து பார்த்தான்.

"ச்சே, இவ இல்ல. அவ எங்கடி?" விலாவில் மிதித்தான்.

உடைந்த பல்லை ரத்தத்தோடு அவன் காலடியில் துப்பினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவன் பைக்கில் ஏறினான்.

"எங்க போயிடப் போறா? புள்ளி இருக்குல்ல."

மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெட்டைக்கு ஒரு கண் மட்டும் திறந்தது. தலைமாட்டில் சுருட்டை அழுதுகொண்டிருந்தாள். புருஷன் கத்தியதையெல்லாம் எதிர்வீட்டுக்காரி அவளிடம் சொல்லியிருந்தாள். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"அந்தப் பாவிக்கு எதுக்கு சார் காட்டினீங்க?"

"கட்டின புருஷன்னு சொன்னாரும்மா. உங்க வீட்டுச் சண்டை எனக்கெப்படித் தெரியும்? உன் கடிகாரத்தை இவ கட்டினதுதான் தப்பு."

கைக்குக் கட்டுப் போடக் கழற்றித் தலைமாட்டில் வைத்திருந்த இரண்டில் சுருட்டையின் கடிகாரத்தை எடுத்தார். நெட்டையின் கை எலும்பு போயிருந்தது, கடிகாரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ரத்தத்தைப் போர்வை நுனியில் துடைத்தார்.

"கையைக் குடு" என்றார் சுருட்டையிடம்.

"இன்னும் அவனைப் புடிக்கல சார். ரெண்டு நாள் மட்டும்..."

"அப்போ வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

வேண்டாம் என்று சொல்ல நெட்டை முயன்றாள். கட்டுப் போட்ட தாடை அசையவில்லை. சுருட்டை கையை நீட்டினாள். அவர் வாரை இறுக்கிவிட்டு, போனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு போனார்.

சுருட்டை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கி நின்றாள். மணிக்கட்டில் பச்சை விளக்கு மினுக்கியது. வெளியே ஏதோ பைக் ஒன்று நின்றது. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.