அளவு பேன்ட்

காகிதம்தான் தப்பாக இருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தாள். புருஷனுக்குப் புது பேன்ட் தைக்கத் துணி வாங்கி, நனைத்து, உலர்த்தி, கூடத்துத் தரையில் விரித்தாயிற்று. வருஷக்கணக்காக வைத்திருக்கும் பழுப்புக் காகித அளவை அதன்மேல் வைத்தாள். எதற்கும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம் என்று அவருடைய பழைய நீல பேன்ட்டை எடுத்து வந்து காகிதத்தின்மேல் பரப்பினாள். கால் நீளம் சரி. தொடை சரி. இடுப்பு மட்டும் காகிதத்துக்குள் நன்றாக அடங்கிக் கிடந்தது. காகிதம் தானாக வளராது. துணியும் இடுப்பில் மட்டும் சுருங்காது. பேன்ட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள்.

பின்னால், நடுத்தையலை ஒட்டி இன்னொரு தையல் ஓடியிருந்தது. கையால் போட்டது. நீலத் துணியில் கறுப்பு நூல், அதுவும் இரட்டையாக. குடிகாரன் நடை போல வளைந்து வளைந்து போயிருந்தது. அதைத் தாண்டி இன்னும் ஒரு வரிசை. அது பரவாயில்லை, கை கொஞ்சம் பழகியிருந்தது.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். பத்தாவது மாடியில் நின்றுகொண்டு இரும்புக் கயிற்றை அசராமல் கழற்றி மாட்டுகிற ஆள், சட்டைப் பொத்தான் அறுந்தால் அடிபட்ட குருவியை ஏந்துவது போல அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நிற்பார். அவர் ஊசியில் நூல் கோத்தார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். பெல்ட்கூட வாங்கியதில்லை. அளவு தெரிந்த பெண்டாட்டி வீட்டில் இருக்கும்போது பெல்ட் எதற்கு என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார்.

முடிச்சைத் தேடினாள். கண்ணில் படவில்லை. இடுப்புப் பட்டையின் மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்தார். அது அவளுடைய வழக்கம். யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் தைக்கும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து டிவி பார்க்கிறார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. அழுகையால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் கோபத்தை வைத்துக்கொண்டாள்.

சட்டைக் கழுத்து தொளதொளவென்று நின்றதற்குத் துணிக்கடைக்காரனைத் திட்டியிருக்கிறாள். தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு, "மத்தியானம் கேன்டீன்ல ஒரு பிடி பிடிச்சிட்டேன்" என்று அவர் சொன்னதை நம்பியிருக்கிறாள். அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணன் தன் பேன்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "இடுப்பைக் கொஞ்சம் பிடிச்சுக் குடும்மா" என்பார். "உடம்பக் கொறச்சு மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்களே" என்று கேலி பேசிக்கொண்டே பிடித்துக் கொடுத்தாள். மறுபடியும் வந்தார், மறுபடியும் பிடித்துக் கொடுத்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். தன் பேன்ட்டைப் புருஷன் ஏன் அவளிடம் கொடுக்கவில்லை என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

கத்தரியின் முனையால் இரண்டு வரிசையையும் பிரித்தாள். அலமாரியில் இருந்த சாம்பல் நிற பேன்ட்டிலும் அதே வேலை. அதையும் பிரித்தாள். சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து குளிக்கப் போனதும், கழற்றிப் போட்டிருந்த பேன்ட்டையும் விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு அவரிடம் எதுவும் கேட்கவும் இல்லை.

காலையில் அவர் அறையிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பிரிச்சிட்டியா?"

"மூணையும்."

அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "வேலைக்கு நேரமாச்சும்மா. இன்னிக்கு மட்டும் ஒரு தையல் போட்டுக் குடு."

"உங்க அண்ணனுக்குப் போட்டுக் குடுத்தேன். உங்களுக்குப் போட மாட்டேன்."

"ஒரு ஊக்காவது குடேன்."

"ஊக்கு, ஊசி, நூல் எல்லாத்தையும் பூட்டியாச்சு. சாவி என் இடுப்புல இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "அலைச்சல்ல இளைச்சிருப்பேன். வேற ஒண்ணும் இருக்காது."

"இருக்காதுதான். அத டாக்டர் சொல்லட்டும்."

"இருந்துட்டா?"

 அவளுக்கும் பயமாக இருந்தது. கூடத்துத் தரையைப் பார்த்தாள். காகிதம் காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தாள்.

"புதுத் துணி நேத்துலேருந்து விரிச்சபடி கெடக்கு. எந்த அளவுக்கு வெட்டறதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? கெளம்புங்க."

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வரைக்கும் பேன்ட்டுக்கும் ஆபத்தில்லை. பெயரைக் கூப்பிட்டதும்தான் சிக்கல். ஒரு கையில் சீட்டும் மறு கையில் இடுப்புமாக எழுந்து, எடை மெஷின்மேல் ஏறினார்.

"கைய ரெண்டையும் தொங்கப் போட்டு நேரா நில்லுங்க சார்" என்றாள் நர்ஸ்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். இருபது பேருக்கு முன்னால் அவமானப்படுத்தப் போகிறாயா என்கிற பார்வை. அவள் பின்னால் போய் நின்றாள். பிரித்துவிட்ட துணியைப் பட்டையோடு சேர்த்துக் கொத்தாகக் கைக்குள் பிடித்தாள். கை நிறைய வந்தது. அவர் மெதுவாக இரண்டு கைகளையும் கீழே விட்டார்.

"நீங்க கைய எடுங்கம்மா. வெயிட்டு தப்பாக் காட்டும்."

"நான் தூக்கலம்மா. சும்மாதான் பிடிச்சிருக்கேன்."

நர்ஸ் அவளை ஒருமுறை பார்த்தாள், பிறகு மெஷினைப் பார்த்துக் குனிந்தாள். முள் அங்கும் இங்குமாக ஆடிக்கொண்டிருந்தது. மனைவி அதைப் பார்க்கவில்லை. சட்டைத் துணிக்கு அந்தப் பக்கம் அவருடைய முதுகெலும்பு அவள் விரல் முட்டிகளில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. பிடியைத் தளர்த்தாமல், முள் நிற்பதற்காக அப்படியே நின்றாள்.