கெட்டி கிரீஸ்

எங்கள் எதிர்வீட்டு மெக்கானிக்கின் மாமனார் அதே வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். அது போதாதென்று, இருவருக்கும் வேலையும் ஒரே இடத்தில்: மீனை உறையவைத்து அடுக்கும் குளிர்கிடங்கில். சாமான் வாங்கிப் போடுவது மாமனார். அதை வைத்து மெஷினை ஓட்டுவது மருமகன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் மாமனார்தான். அவரே மறந்தாலும் தெரு மறக்காது. அத்தனை தடவை சொல்லிவைத்திருக்கிறார்.

கிடங்கின் உள்ளறையில் மீன் பெட்டிகளை நகர்த்தும் சங்கிலி அடிக்கடி நின்றுபோனது. சக்கரங்களுக்குக் கிரீஸ் போய்ச் சேரவில்லை. பம்ப் தள்ளத் தள்ள, கிரீஸ் குழாய்க்குள்ளேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டு கிளம்ப மறுத்தது. இன்னொரு தடவை நின்றால் வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"மாமா, அந்தக் குளிருக்கு இளக்கமான கிரீஸ்தான் வேணும். நீங்க வாங்குறது இறுகிப் போயிடுது." மருமகன் மாடிப்படியில் நின்று கெஞ்சியது நாலு வீட்டுக்குக் கேட்டது.

"கடைக்காரன்கிட்ட சொல்லி, நல்ல கெட்டி கிரீஸா வாங்கியிருக்கேன் மாப்ளே. துணியோ மரமோ, எதுவானாலும் கெட்டியா வாங்கணும். அதுதான் நிக்கும்."

"நிக்குதுதான் மாமா. சங்கிலியும் சேர்ந்து நிக்குது."

அதோடு விட்டிருக்கலாம். சோதித்துக் காட்டுகிறேன் என்று மருமகன் சவால் விட்டதுதான் வினை. கெட்டி ஒரு கிண்ணத்தில், இளக்கம் ஒரு கிண்ணத்தில் என்று எடுத்து, வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எங்கப்பாகூட சண்டை போட என் ஃப்ரிட்ஜ்தான் கிடைச்சுதா?" என்று மனைவி கத்திய பிறகும் கிண்ணங்களை எடுக்கவில்லை.

காலையில் மாமனார் வந்து கெட்டியில் விரலை விட்டார். கொஞ்சம் இறுகியிருந்தது, ஆனாலும் விரல் இறங்கிவிட்டது.

"எங்கே இறுகிச்சு? வெண்ணெய் மாதிரி இருக்கு. நீயே தொட்டுப் பாரு!"

வீட்டு ஃப்ரிட்ஜ் எங்கே, விட்ட மூச்சு மீசையில் வெள்ளையாகப் படிகிற அந்த அறை எங்கே! இது மருமகனுக்கு உறைத்தபோது, மாமனார் அடுத்த டின்னுக்கும் சொல்லி முடித்திருந்தார்.

அந்த டின் போட்ட வாரமே சக்கரங்கள் காய்ந்து கிறீச்சிட்டன. சங்கிலி இறுகி, மோட்டார் புகைந்தது. முதலாளியே இறங்கி வந்தார்.

"யாருய்யா இந்தக் கிரீஸை வாங்கினது?"

மாமனார் கூரையில் எதையோ தேடினார். மருமகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமனாரின் பார்வை கீழே இறங்குவதாகத் தெரியவில்லை.

"மாமாதான் சார். இளக்கமா வாங்குங்கன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன்."

இப்போது இளக்கமான கிரீஸ் வந்துவிட்டது. குழாயில் நகர்கிறது, சங்கிலி ஓடுகிறது, மெக்கானிக்கின் வேலையும் தப்பியது. சாமான் வாங்கும் பொறுப்பு மட்டும் மாமனார் கையைவிட்டுப் போயிற்று. முதலாளி வந்து கேட்ட அன்று மாலையே மகள் தலையணையும் போர்வையுமாக மாடியேறிவிட்டாள்.

"பத்துப் பேர் முன்னாடி எங்கப்பாவைக் காட்டிக் கொடுத்தீங்கல்ல? இனிமே அந்தக் கிரீஸோடயே குடும்பம் நடத்துங்க."

மெக்கானிக் மாடிப்படியில் கரண்டியும் கையுமாக நின்றார்.

"சரி, கோவிச்சுக்கோ. அரிசிக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்னு மட்டும் சொல்லு!"

மாடிக் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அடிப்பிடித்த வாடை எங்கள் வீடுவரை வந்தது.