கந்தப்போடி ஊன்றிய கம்பு

காலையில் வாவியில் தோணி வலித்து வந்த கந்தப்போடி பாதி வழியில் துடுப்பை நிறுத்தினார். முப்பது வருடமாக அவர் இறாலுக்கு வலை வீசுகிற இடத்தில், சிவப்புத் துணி கட்டிய கம்பு ஒன்று நின்றது. அது ஒன்று மட்டுமல்ல. கரையோரம் நெடுகிலும் நூற்றுக்கு மேல் கம்புகள்.

அவருடைய ஊரில், வாவிக்குள் கம்பு நட்டால் அந்த இடத்துக்கு ஆள் உண்டு என்று அர்த்தம். அது தன்னுடைய இடம் என்கிறவன் பக்கத்தில் தன் கம்பை நடவேண்டும். முதலில் நட்டவன், சாட்சி ஒருவர் பார்த்திருக்கத் தன் கம்பைப் பிடுங்கினால் வழக்குத் தீர்ந்தது. வென்றவன் அந்த இடத்திலேயே உடனே வலை வீசிவிட வேண்டும். வீசாவிட்டால் அவனும் விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

தோணியைக் கரைக்குத் திருப்பினார். அங்கே கூடாரம் போட்டிருந்தார்கள். ஷஸ்னா ஓடி வந்தாள். ஏறாவூர்ப் பிள்ளை, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள், இருபது நாட்டுக் கலைஞர்கள் வந்திருக்கும் இந்தக் கண்காட்சிக்கு ஒழுங்கமைப்பாளர்.

“அண்ணன், இது நிகழ்த்துகலை. சிலி நாட்டுக்காரி ஒராள் பின்னேரம் இந்தக் கம்புகளுக்குள்ளால பேசாம நடப்பாங்க.”

“நடந்து?”

“நடக்கிறதுதான் கலை.”

“நான் முப்பது வருசமா இதுக்குள்ள நடக்கிறன் புள்ள. ஒருத்தனும் படம் புடிக்கல்ல.”

அவள் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினாள். படத்தில் அவர் விழுந்தால் சம்மதம் என்று கையெழுத்து வேண்டுமாம். கந்தப்போடி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். முன்பொரு தடவை இறங்குதுறை கட்டப்போவதாகச் சொல்லி வாங்கிய கையெழுத்து, ஹோட்டல் வேலியாக முளைத்ததை அவர் கண்டிருக்கிறார்.

“ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் புடுங்கிருவம் அண்ணன்.”

“புடுங்கிறதுக்கா ஒருத்தன் நூறு கம்பு நடுவான்?”

பின்னேரம் சனம் கூடியது. சிலிக்காரி இடுப்பளவு தண்ணீரில் மெதுவாக நடந்தாள். கரையில் குந்தியிருந்த கூட்டாளி கதிர்காமத்தம்பி, “மச்சான், உன்ர இடத்தில வெள்ளைக்காரி நிக்காள். குத்தகைக்குக் குடுத்திட்டியா?” என்றார்.

கந்தப்போடி எழுந்தார். வீச்சுவலையைத் தோளில் போட்டார். தோணியில் கிடந்த கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கி, சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் ஓங்கி ஊன்றினார்.

சனம் கைதட்டியது. அவரும் நிகழ்ச்சியில் ஒராள் என்று நினைத்துவிட்டார்கள்.

“புள்ள, அவளிட்டச் சொல்லு!” என்று கத்தினார். “இது என்ர இடம். ஒண்டில் அவள்ர கம்பைப் புடுங்கட்டும், இல்லாட்டி வழக்குக்கு வரட்டும்!”

ஷஸ்னா இங்கிலீஷில் கூவிச் சொன்னாள். சிலிக்காரி இரண்டு கம்புகளையும் பார்த்தாள். தன் கம்பை இரு கையாலும் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு அப்பால் நடந்தாள். கைதட்டல் இன்னும் பெரிதாக எழுந்தது.

இவ்வளவு லேசாக இடத்தை விட்டவர்களைக் கந்தப்போடி கண்டதில்லை. எதையோ எடுத்துக்கொண்டுதான் விட்டிருக்கிறார்கள் என்று மனம் சொன்னது. கரை முழுக்கத் தொலைபேசிகள் அவரையே பார்த்திருந்தன. இப்போது வலை வீசினால் அவர்களுடைய கலையில் அவரும் ஒரு துண்டு. வீசாவிட்டால் இடம் போய்விடும்.

வீசினார். வலை வட்டமாக விரிந்து விழ, கரை ஆரவாரித்தது.

வலையை இழுத்துக்கொண்டு கரையேறியவர் இறாலைப் பார்க்கவில்லை. நேரே கதிர்காமத்தம்பியிடம் போனார்.

“அவள் புடுங்கினதப் பாத்தியா?”

“பாத்தன்.”

“மறுகா ஒரு நாளைக்கு ஆரும் கேட்டா சாட்சி சொல்லுவியா?”

“நான் என்னத்துக்கு மச்சான்? இவ்வளவு பேர் படம் புடிச்சிருக்காங்களே!”

“படமெல்லாம் அவங்கட கையிலடா,” என்றார் கந்தப்போடி. “நீ கண்ணால கண்டத மறந்திராத.”